பேராசிரியர் சம்பளத்துக்கு 30 ஆண்டு காத்திருப்பு... அணுக்கரு ஏன் 'காத்திருக்கிறது' எனக் கண்டறிந்த மரியா மேயர்!

எலும்பு ஸ்கேன் எடுத்தவர்களுக்கு இந்த நடைமுறை தெரிந்திருக்கும். முதலில் கையில் ஓர் ஊசி போடுவார்கள். நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி வெளியே உட்கார வைப்பார்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஸ்கேன் கருவியில் படுக்க வைப்பார்கள். ஊசி வழியாக உடம்புக்குள் போனது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். அது எலும்பில் போய்ப் படிவதற்கு நேரம் வேண்டும். அதுவரை தன் ஆற்றலை வெளியே விட்டுவிடாமல் அது வைத்திருக்க வேண்டும்.

வைத்திருக்கிறது. அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். அதாவது, 6 மணி நேரம் கழித்தும் பாதி அணுக்கருக்கள் ஆற்றலை விடாமல் அப்படியே இருக்கும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். கூடுதல் ஆற்றல் கிடைத்த அணுக்கரு, பெரும்பாலும் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம்கூடப் பொறுக்காது. காமா கதிராக அந்த ஆற்றலைத் தள்ளிவிட்டு அமைதியாகிவிடும். அப்படியிருக்க, சில அணுக்கருக்கள் மட்டும் மணிக்கணக்கில், நாள்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட எப்படிக் காத்திருக்கின்றன?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கொடுத்தவர்களில் முக்கியமானவர் மரியா கோப்பெர்ட் மேயர். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற இரண்டாவது பெண். அந்த விடையை அவர் எழுதியபோது, அவர் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

முதல்ல... 'கிளர்வு நிலை'ன்னா என்ன?

அணுக்கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. அவை நினைத்த ஆற்றலில் எல்லாம் இருக்க முடியாது. படிக்கட்டு மாதிரி, குறிப்பிட்ட படிகளில் மட்டுமே நிற்க முடியும். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள படி தரை நிலை. மேலே உள்ளவை கிளர்வு நிலைகள்.

மேல்படியில் இருக்கும் அணுக்கரு எப்போது கீழே இறங்கும் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஆனால், கோடிக்கணக்கான அணுக்கருக்களை எடுத்துக்கொண்டால் சராசரியாக எவ்வளவு நேரம் மேலே இருக்கும் என்று அளக்க முடியும். அதுதான் ஆயுட்காலம். இறங்குவது எவ்வளவு சுலபம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் நிலைமாற்ற வலிமை. ஒரே ஆற்றல், ஒரே வகை இறக்கம் என்றால், வலிமை கூடக் கூட ஆயுள் குறையும். வலிமை குறைந்தால் காத்திருப்பு நீளும்.

மரியாவின் ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அவருடைய மூன்று முக்கியமான வேலைகளுமே, சுலபத்தில் நடக்காத இறக்கங்களையும் ஏற்றங்களையும் பற்றியவை.

ஏழாவது தலைமுறை

1906 ஜூன் 28 அன்று காட்டோவிட்ஸ் நகரில் பிறந்தார் மரியா. அன்று அது ஜெர்மனியில் இருந்தது. இன்று போலந்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரே குழந்தை. 1910-இல் அப்பா ஃபிரீட்ரிக் கோப்பெர்ட்டுக்கு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் நல மருத்துவப் பேராசிரியர் பணி கிடைத்தது. குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. அப்பா வழியில் அவர் ஆறாவது தலைமுறைப் பேராசிரியர். ஏழாவது தன் மகளாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வளர்ந்து வீட்டோடு முடங்கிவிடக் கூடாது என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கோட்டிங்கன் அப்போது கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் தலைநகரம் மாதிரி. கணித மேதை டேவிட் ஹில்பர்ட், கோப்பெர்ட் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஆனால், பெண் பிள்ளைகளைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்ய ஊரில் ஒரே ஒரு தனியார் பள்ளிதான் இருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் நடத்திய பள்ளி அது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த பயங்கரமான பணவீக்கத்தில் அதுவும் மூடப்பட்டது. மரியா கலங்கவில்லை. ஓராண்டு முன்னதாகவே தேர்வை எழுதித் தேறினார். 1924-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார்.

அங்கே மாக்ஸ் போர்னின் கருத்தரங்குகளில் உட்கார ஆரம்பித்தார். குவாண்டம் இயற்பியல் அந்த வகுப்பறைகளில்தான் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. கணிதத்தை விட்டு இயற்பியல் பக்கம் வந்துவிட்டார்.

1927-இல் அப்பா இறந்துபோனார். அம்மா வீட்டின் சில அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அப்படி வந்து தங்கியவர்களில் ஒருவர், ஜோசப் மேயர் என்ற அமெரிக்க வேதியியலாளர். 1930 ஜனவரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதே ஆண்டு மரியா முனைவர் பட்டமும் வாங்கினார். அவருடைய ஆய்வேட்டை மதிப்பிட்ட மாக்ஸ் போர்ன், ஜேம்ஸ் ஃபிராங்க், அடோல்ஃப் விண்டாவ்ஸ் மூவருமே நோபல் பரிசுக்காரர்கள். போர்னுக்கு மட்டும் அது 1954-இல் வந்து சேர்ந்தது.

ஆய்வேடு சொன்னது, 31 ஆண்டுகள் கழித்து நடந்தது

ஓர் அணு மேல்படிக்கு ஏற வேண்டுமானால் அதற்குச் சரியான ஆற்றலுள்ள ஓர் ஒளித்துகள் வேண்டும் என்பதுதான் வழக்கமான பாடம். பாதி ஆற்றலுள்ள இரண்டு ஒளித்துகள்கள் ஒரே நேரத்தில் வந்தால்? அவை இரண்டையும் சேர்த்து விழுங்கி அணு மேலே ஏற முடியுமா?

முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது மரியாவின் ஆய்வேடு. ஆனால், அதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. அன்றிருந்த விளக்குகளை வைத்து அதைப் பார்க்கவே முடியாது. 1960-இல் லேசர் வந்தது. அடுத்த ஆண்டே, 1961-இல், அந்தக் கணிப்பு சோதனையில் உறுதியானது. இன்று உயிருள்ள திசுவின் உள்ளே ஆழமாகப் படம் பிடிக்கும் நுண்ணோக்கிகள் இந்த விளைவில்தான் வேலை செய்கின்றன. இந்த வாய்ப்பை அளக்கும் அலகுக்கு கோப்பெர்ட்-மேயர் என்றே பெயர்.

கணவருக்கு வேலை, மனைவிக்கு மாடி அறை

திருமணமான கையோடு தம்பதி அமெரிக்கா போனார்கள். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப்புக்கு வேலை. கோட்டிங்கனில் போர்னிடம் படித்த குவாண்டம் இயற்பியலாளர் என்றால் அன்று அமெரிக்காவில் கிராக்கி இருந்திருக்க வேண்டும். ஆனால் மரியாவுக்கு வேலை இல்லை. கணவன், மனைவி இருவரையும் ஒரே நிறுவனம் பணியில் வைக்கக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. போதாக்குறைக்கு அது பொருளாதாரப் பெருமந்த காலம்.

ஜெர்மன் மொழிக் கடிதங்களைக் கவனித்துக்கொள்ளும் ஓர் உதவியாளர் பணியும், மாடியில் ஓர் அறையும் கொடுத்தார்கள். சம்பளம் பேருக்குத்தான். மரியா அந்த அறையில் உட்கார்ந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பாடமும் நடத்தினார். 1933-இல் மகள் பிறந்தாள். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வர, போர்னும் ஃபிராங்க்கும் கோட்டிங்கனை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மரியா படித்த அந்தப் பெரிய பள்ளி சில மாதங்களில் சிதறிப்போனது.

1935-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. சில அணுக்கருக்களில் இரண்டு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் புரோட்டான்களாக மாற முடியும். இதற்கு இரட்டை பீட்டா சிதைவு என்று பெயர். இது நடக்க எவ்வளவு காலம் ஆகும் என்று மரியா கணக்கிட்டார். விடை, 1-க்குப் பின்னால் 17 சுழியங்கள் போட்டால் வரும் ஆண்டுகளுக்கும் மேல். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் அளவு புரியும்.

இவ்வளவு அபூர்வமான ஒன்றை யார் பார்ப்பது? 1987-இல், செலீனியம்-82 அணுக்கருவில், ஆய்வகத்தில் முதன்முறையாக நேரடியாகப் பார்த்தார்கள். மரியா இறந்து அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

போர் வந்தது, பாதிச் சம்பளமும் வந்தது

1938-இல் மகன் பிறந்தான். அடுத்த ஆண்டு ஜோசப்புக்கு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. மரியாவுக்கு அங்கேயும் ஓர் அறை கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. 1940-இல் கணவனும் மனைவியும் சேர்ந்து புள்ளியியல் இயந்திரவியல் பற்றி எழுதிய பாடநூல் வெளிவந்தது. அதை நீண்ட காலம் மாணவர்கள் படித்தார்கள்.

1941 டிசம்பரில் சாரா லாரன்ஸ் கல்லூரியில் பகுதி நேர ஆசிரியர் பணி. மரியாவுக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான சம்பள வேலை இதுதான். அப்போது அவருக்கு வயது 35. அடுத்த ஆண்டு, அணுகுண்டுக்கான மன்ஹாட்டன் திட்டத்தின் கீழ் கொலம்பியாவில் நடந்த யுரேனியம் பிரிப்பு ஆய்வில் சேர்ந்தார்.

1946-இல் குடும்பம் சிகாகோவுக்குப் போனது. ஜோசப்புக்குப் பேராசிரியர் பதவி. மரியாவுக்கு இணைப் பேராசிரியர் என்ற பட்டம் மட்டும். 'தன்னார்வ' என்ற அடைமொழியோடு. சிம்பிளா சொன்னா, சம்பளம் கிடையாது.

அதே ஆண்டு ஜூலையில் சிகாகோவுக்குப் பக்கத்திலேயே ஆர்கான் தேசிய ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கே கோட்பாட்டு இயற்பியல் பிரிவைக் கவனித்த ராபர்ட் சாக்ஸ், ஒரு காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மரியாவிடம் படித்த மாணவர். தன் ஆசிரியருக்குப் பகுதி நேர ஆய்வாளர் பணி கொடுத்தார். அணுக்கரு இயற்பியல் தனக்கு அவ்வளவாகத் தெரியாதே என்று மரியா தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். வயது 40-ஐத் தொட்டபோது புதிதாக ஒரு துறையைக் கற்கத் தொடங்கினார்.

2, 8, 20, 28, 50, 82, 126

சிகாகோவில் எட்வர்ட் டெல்லருடன் சேர்ந்து, தனிமங்கள் எப்படி உருவாயின என்ற ஆய்வில் இறங்கினார் மரியா. அதற்காக எந்த அணுக்கரு எவ்வளவு கிடைக்கிறது என்ற அட்டவணைகளைத் தோண்டியபோது சில எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. 50 புரோட்டான் உள்ள வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் 10. வேறெந்தத் தனிமத்துக்கும் இத்தனை கிடையாது. 82 புரோட்டானும் 126 நியூட்ரானும் உள்ள ஈயம்-208 அசைக்க முடியாத உறுதியோடு இருக்கிறது.

இப்படிக் கிடைத்த 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகியவைதான் 'மேஜிக் எண்கள்'. அந்தப் பெயரை வைத்தவர் யூஜின் விக்னர் என்பார்கள். 1930-களிலேயே வால்டர் எல்சாசர் இவற்றில் சிலவற்றைக் கவனித்திருந்தார். ஆனால், அணுக்கரு என்பது ஒரு நீர்த்துளி மாதிரி, உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று முட்டி மோதிக்கொண்டிருக்கும் என்பதுதான் அன்று செல்வாக்கோடு இருந்த பார்வை. அணுவில் எலக்ட்ரான்கள் கூடு கூடாக நிரம்புவதுபோல, அணுக்கருவிலும் நிரம்பும் என்றால் நம்ப ஆளில்லை.

மரியா நம்பினார். 1948-இல் மேஜிக் எண்களுக்கான சான்றுகளை அடுக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆனால், அந்த எண்கள் ஏன் வருகின்றன என்பது மட்டும் பிடிபடவில்லை. எளிய கூடுக் கணக்கு போட்டால் 2, 8, 20 வரை சரியாக வரும். அதற்கப்புறம் 40, 70, 112 என்று தடம் மாறிவிடும். 28, 50, 82, 126 எங்கிருந்து வருகின்றன?

ஃபெர்மி போகிறபோக்கில் கேட்ட ஒரு கேள்வி

ஒருநாள் என்ரிகோ ஃபெர்மியுடன் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தார் மரியா. பேச்சின் நடுவே ஃபெர்மி, துகளின் தற்சுழற்சிக்கும் அது சுற்றும் பாதைக்கும் ஏதாவது தொடர்பு தென்படுகிறதா என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் மரியாவுக்குப் பொறி தட்டிவிட்டது. விடுபட்ட எண்கள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் கேள்விதான் தன் கட்டுரைக்குத் தொடக்கம் என்று பிறகு அச்சிலேயே ஃபெர்மிக்கு நன்றி சொன்னார்.

விஷயம் இதுதான். புரோட்டானும் நியூட்ரானும் அணுக்கருவுக்குள் சுற்றி வருகின்றன. தாங்களும் பம்பரம்போல் சுழல்கின்றன. சுற்றும் திசையும் சுழலும் திசையும் ஒன்றாக இருந்தால் ஆற்றல் குறையும். எதிரெதிராக இருந்தால் கூடும். இதை விளக்க மரியா சொன்ன உதாரணம் வால்ட்ஸ் நடனம். ஒரு பெரிய கூடத்தில் ஜோடிகள் வட்டமாகச் சுற்றி வருகிறார்கள். ஒவ்வொரு ஜோடியும் தனக்குத்தானே சுழலவும் செய்கிறது. கூடத்தைச் சுற்றும் திசையிலேயே சுழல்வது ஒரு ஜோடிக்குச் சுலபம். எதிர்த் திசையில் சுழல்வது கஷ்டம்.

அணுக்கருவில் இந்த வித்தியாசம் எல்லாரும் நினைத்ததைவிட மிகப் பெரியது என்று எடுத்துக்கொண்டார் மரியா. அப்படி எடுத்துக்கொண்டால், வேகமாகச் சுற்றும் பெரிய கோண உந்தமுள்ள படிகள் இரண்டாகப் பிளந்து, அதில் ஒரு பாதி தடாலெனக் கீழே இறங்கிவிடும். இறங்கிய படி கீழே உள்ள கூட்டோடு சேர்ந்துகொள்ளும். எண்ணிப் பார்த்தால் 28, 50, 82, 126 அச்சுப் பிசகாமல் வந்துவிடுகின்றன. இதுதான் அணுக்கருவின் 'ஷெல் மாடல்'.

காத்திருப்பின் ரகசியம்

மேஜிக் எண்கள் சரியாக வந்தது பெரிய வெற்றிதான். ஆனால், இந்தக் கோட்பாட்டுக்கு வேறொரு பக்கத்திலிருந்தும் பலமான சாட்சி கிடைத்தது. அந்தச் சாட்சி, ஆயுட்காலம்.

1921-இல் ஓட்டோ ஹான் விநோதமான ஒன்றைப் பார்த்திருந்தார். ஒரே எண்ணிக்கையில் புரோட்டான், ஒரே எண்ணிக்கையில் நியூட்ரான். ஆனால் இரண்டு வெவ்வேறு ஆயுள். ஒன்றின் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், இன்னொன்றுக்கு 6.7 மணி நேரம். ஒரே அணுக்கருவின் இந்த இரு வடிவங்களில் ஒன்று தரை நிலை, மற்றது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் கிளர்வு நிலை. இப்படிப்பட்ட நீண்ட ஆயுள் நிலைகளை ஐசோமர் என்கிறார்கள்.

ஏன் தாக்குப்பிடிக்கின்றன என்பதற்கு 1936-இல் கார்ல் ஃபிரீட்ரிக் ஃபான் வைட்ஸேக்கர் காரணம் சொன்னார். காமா கதிர் வெளியேறும்போது ஆற்றலோடு கோண உந்தத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஓர் அலகு என்றால் சுலபமாக எடுத்துப் போய்விடும். மூன்று, நான்கு அலகு என்றால் திணறும். அணுக்கருவில் ஒவ்வோர் அலகு கூடும்போதும் இறங்கும் வாய்ப்பு லட்சக்கணக்கான மடங்கு குறைந்துகொண்டே போகும். நடுவில் மூன்று படி உடைந்துபோன படிக்கட்டில் ஒரே தாவில் கீழே குதிக்க வேண்டியது மாதிரி.

சரி, அப்படிப்பட்ட உடைந்த படிக்கட்டுகள் எந்தெந்த அணுக்கருவில் இருக்கும்? அதைத்தான் ஷெல் மாடல் சொன்னது. பெரிய கோண உந்தமுள்ள படி கீழே இறங்கி வரும்போது, அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சிறிய கோண உந்தக்காரர்கள். இருவருக்கும் ஆற்றலில் கொஞ்சம்தான் வித்தியாசம். கோண உந்தத்தில் ஏகப்பட்ட வித்தியாசம். ஐசோமர் உருவாகத் தோதான இடம். இது 50, 82, 126 ஆகிய மேஜிக் எண்களை எட்டுவதற்குச் சற்று முன்னால்தான் அமையும் என்றது கோட்பாடு. அளந்து வைத்திருந்த ஐசோமர்களை வரைபடத்தில் குறித்தால், சொல்லிவைத்த மாதிரி அங்கேதான் குவிந்திருந்தன. இவற்றை 'ஐசோமர் தீவுகள்' என்கிறார்கள். 1951-இல் மாரிஸ் கோல்ட்ஹேபரும் ஆண்ட்ரூ சன்யாரும் ஐசோமர்களை வகைப்படுத்தி வெளியிட்ட ஆய்வு இந்தப் பொருத்தத்தை இன்னும் உறுதியாக்கியது.

இப்போது ஸ்கேன் ஊசிக்கு வரலாம். டெக்னீசியத்தில் 43 புரோட்டான்கள். 50-க்குச் சற்று முன்னால், தீவின் நடுவே இருக்கிறது. அதன் கிளர்வு நிலையின் கோண உந்தம் அரை அலகு. தரை நிலையின் கோண உந்தம் நாலரை அலகு. நேராகக் குதிக்க 4 அலகு தாண்ட வேண்டும். இடையில் மூன்றரை அலகுள்ள ஒரு படி இருக்கிறது. அதற்குப் போகவும் 3 அலகு தாண்ட வேண்டும், அதுவும் வெறும் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில். அதனால்தான் 6 மணி நேரக் காத்திருப்பு. அந்த இடைப்படியை எட்டிவிட்டால் அப்புறம் ஓர் அலகு தூரம்தான். ஒரு நொடியில் சுமார் 500 கோடியில் ஒரு பங்கு நேரத்தில் இறங்கிவிடும். அப்போது கிளம்பும் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரைத்தான் ஸ்கேன் கேமரா படம் பிடிக்கிறது. ஆண்டுதோறும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பரிசோதனைகளில் இந்தப் பொருள் பயன்படுகிறது.

இவ்வளவு சின்ன நேரத்தை எப்படி அளக்கிறார்கள்?

மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு என்றால் பிரச்சினை இல்லை. கதிர்வீச்சு குறைவதைக் கருவியில் எண்ணிக்கொண்டே வந்தால் போதும். நானோ நொடி என்றால் இரண்டு உணர்கருவிகள் வேண்டும். மேல்படிக்கு வந்து சேர்ந்ததைக் காட்டும் கதிர் கடிகாரத்தை ஓடவிடும். கீழே இறங்கும்போது வரும் கதிர் அதை நிறுத்தும்.

அதைவிடச் சின்ன நேரத்துக்குக் கடிகாரம் உதவாது. அங்கே நேரத்துக்குப் பதில் தூரத்தை அளக்கிறார்கள். மெல்லிய தகடு ஒன்றின் மேல் துகள் கற்றையை மோதவிட்டால், கிளர்வு நிலையில் உள்ள அணுக்கரு தெறித்துப் பறக்கும். கொஞ்ச தூரத்தில் இன்னொரு தகடு அதை நிறுத்தும். பறக்கும்போது காமா கதிர் வெளியேறினால், நெருங்கி வரும் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி அதன் ஆற்றல் சற்று மாறித் தெரியும். நின்ற பிறகு வெளியேறினால் மாறாது. இரண்டும் எவ்வளவு என்று எண்ணினால் ஆயுள் கிடைத்துவிடும். ஒளியின் வேகத்தில் 3 சதவீத வேகத்தில் பறக்கும் அணுக்கரு, ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் கடப்பது 9 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்தத் துல்லியத்தில் தகடுகளை நகர்த்துகிறார்கள்.

கிடைத்த ஆயுளிலிருந்து நிலைமாற்ற வலிமையைக் கணக்கிட்டு, ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். அந்த அளவுகோலைத் தந்தவர் விக்டர் வைஸ்கோப்ஃப். வலிமை சுமார் 1 அலகு என்றால், ஒரே ஒரு துகள் படி மாறியிருக்கிறது என்று பொருள். அதாவது, மரியாவின் கூட்டுக் கணக்கு எளிதாகப் பொருந்தும் இடம். நூற்றுக்கணக்கில் வந்தால், பல துகள்கள் சேர்ந்து ஒரே கூட்டமாக ஆடுகின்றன என்று பொருள்.

இதே முறையில்தான் மரியாவின் மேஜிக் எண்களும் இன்று சோதிக்கப்படுகின்றன. 12 புரோட்டானும் 20 நியூட்ரானும் உள்ள மக்னீசியம்-32-ஐ எடுத்துக்கொள்ளலாம். 20 மேஜிக் எண் என்பதால் அது அடக்கமாக இருக்க வேண்டும். 1995-இல் ஜப்பானின் ரிக்கன் ஆய்வகத்தில் அளந்தபோது, அதன் நிலைமாற்ற வலிமை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. நியூட்ரான்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்த அணுக்கருக்களில் மேஜிக் எண்களும் மாறக்கூடும் என்பதற்கு முக்கியமான சான்று இது. ஷெல் மாடலை இதனால் யாரும் தூக்கி எறியவில்லை. அதை வைத்துத்தான் இந்த மாற்றத்தையும் விளக்க முயல்கிறார்கள்.

போட்டியாளர் நண்பரான கதை

ஃபெர்மியின் கேள்விக்குப் பின் மரியா எழுதிய சிறு கட்டுரை 1949 பிப்ரவரியில் இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. இதே புதிரைப் பற்றி வேறொரு குழு எழுதிய கட்டுரையும் கூடவே வரட்டும் என்று அவர் தன்னுடையதை நிறுத்தி வைத்தார். இதற்குள் ஜெர்மனியில் ஓட்டோ ஹாக்செல், ஹான்ஸ் யென்சென், ஹான்ஸ் சூஸ் மூவரும் தனியாக இதே விடையைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டார்கள். அவர்களுடையது ஓர் இதழ் முன்னதாக அச்சாகிவிட்டது.

வழக்கமாக, யார் முதலில் என்ற சண்டை கிளம்பும் இடம் இது. இங்கே நடந்தது வேறு. மரியாவும் யென்செனும் 1950-இல் சந்தித்தார்கள். நண்பர்களானார்கள். 1955-இல் இருவரும் சேர்ந்து ஷெல் மாடல் பற்றிய புத்தகத்தையே வெளியிட்டார்கள்.

1960: முதல் முழுச் சம்பளம்

1956-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் மரியாவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால், முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பணியில் அவர் போய் உட்கார்ந்தது 1960-இல்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சான் டியாகோவில் புதிய வளாகம் தொடங்கியபோது கணவன், மனைவி இருவரையும் அழைத்தது. முனைவர் பட்டம் வாங்கி 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஷெல் மாடல் வந்தே 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அங்கே போன கொஞ்ச நாளிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. உடல்நிலை அதன்பின் முழுதாகத் தேறவே இல்லை. ஆனாலும், பாடம் நடத்துவதையும் ஆராய்ச்சியையும் அவர் விடவில்லை.

1963-இல் இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஒரு பாதி விக்னருக்கு. மறுபாதியை மரியாவும் யென்செனும் பகிர்ந்துகொண்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அந்தச் செய்திக்கு வைத்த தலைப்பில், சான் டியாகோவின் ஓர் அம்மாவுக்கு நோபல் கிடைத்துவிட்டது என்றுதான் இருந்தது. இயற்பியலாளர் என்ற சொல் தலைப்பில் இல்லை.

1972 பிப்ரவரி 20 அன்று மரியா காலமானார். வயது 65.

அடுத்த பெண்ணுக்கு 55 ஆண்டுகள்

1903-இல் மேரி கியூரி. 60 ஆண்டு கழித்து 1963-இல் மரியா மேயர். இயற்பியல் நோபல் வாங்கிய மூன்றாவது பெண் டோனா ஸ்ட்ரிக்லேண்ட், 2018-இல். நடுவில் ஓடியது 55 ஆண்டுகள். பிறகு 2020-இல் ஆண்ட்ரியா கெஸ், 2023-இல் ஆன் லூலியே.

மரியாவின் பெயரில் அமெரிக்க இயற்பியல் சங்கம் இளம் பெண் இயற்பியலாளர்களுக்கு விருது வழங்குகிறது. 2011-இல் அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. வெள்ளி கோளில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

அணுக்கரு காத்திருப்பதற்குக் காரணம் இயற்கை விதி. அதை யாராலும் மாற்ற முடியாது, கணக்கிட மட்டுமே முடியும். மரியாவைக் காக்க வைத்தது பல்கலைக்கழகங்கள் எழுதி வைத்த விதி. அதை எந்த ஆண்டு வேண்டுமானாலும் ஒரு கூட்டம் போட்டு மாற்றியிருக்கலாம். சான் டியாகோவில் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே நேரத்தில் பணி ஆணை கொடுத்தபோது, யாருக்கும் எந்தச் சிக்கலும் வரவில்லை.